வெடித்த முன் கண்ணாடிக்கு றெசின் விடலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொல்லில் ஒருக்கால் சொல்லிவிடுகிறேன், பிறகு வாசிக்க வருகிறவர்களுக்கும் விளங்கும். புதுக்குடியிருப்பில் இருந்து வவுனியாவுக்குப் போகும்போது, கனகராயன்குளம் தாண்டி, முன்னால் போன டிப்பரில் இருந்து கல் ஒன்று தெறித்து உங்கள் வாகன்ஆர் காரின் முன் கண்ணாடியில் இடப்பக்கம் கீழே அடித்திருக்கிறது. அன்றைக்கு இருந்தது இரண்டு ரூபாய்க் குற்றி அளவில் ஒரு நட்சத்திர வெடிப்பு. ஒரு கிழமைக்கு மேல் அப்படியே ஓடித் திரிந்திருக்கிறீர்கள், இடையில் மழையும் பெய்தது, பிறகு சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவி எடுத்த அடுத்த நாள் பார்த்தால் நட்சத்திரத்தின் ஒரு காலில் இருந்து கோடு கிளம்பி, கீழ் மூலையைப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்குப் போய்விட்டது. ஒரு கராச்சில் றெசின், அதாவது வெடிப்புக்குள் நிரப்பி இறுகவைக்கிற தெளிவான பசை, விட்டால் போதும் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் கண்ணாடியையே மாற்றச் சொல்கிறார்கள், மச்சான் "சும்மா விடு, ஒன்றும் நடக்காது" என்கிறார். இதில் யாரைக் கேட்பது, மாற்றுவதென்றால் வேறு வாகனத்தில் இருந்து கழற்றிய கண்ணாடி போடலாமா என்பதுதான் கேள்வி.

முடிவை முதலே சொல்கிறேன்: நீங்கள் போட்ட படங்களில் தெரிகிற அளவுக்கு, இது மாற்ற வேண்டிய கண்ணாடி. றெசின் விடலாம் என்றவர் பொய் சொல்லவில்லை, நட்சத்திரம் மட்டும் இருந்த முதல் இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் கட்டாரில் வாகனக் கண்ணாடி வேலை பழகி, ஊருக்குத் திரும்பிய பிறகு வவுனியாப் பக்கம் அதே வேலையைத்தான் செய்கிறேன். றெசினும் விடுகிறேன், கண்ணாடியும் மாற்றுகிறேன், ஆகவே இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்குப் பிழைப்புத்தான். அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முன் கண்ணாடி இரண்டு மெல்லிய தகடுகள் சேர்ந்தது, நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம் ஒன்று, பெரும்பாலும் 0.76 மில்லிமீற்றர் தடிப்பில், இரண்டையும் பிடித்துக்கொண்டு இருக்கும். கல் பட்டால் வெளித் தகடு மட்டும் வெடிக்கும், படலமும் உள் தகடும் அப்படியே நிற்கும், அதனால்தான் முகத்தில் கண்ணாடி கொட்டுவதில்லை. கதவுக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் வேறு சாதி. அவை சூடாக்கிச் சடுதியாகக் குளிரவைத்து இறுக்கிய ஒற்றைக் கண்ணாடி, உடைந்தால் கற்கண்டு மாதிரி முழுதாக உதிரும், அவற்றில் திருத்த எதுவுமே இல்லை. பின் கண்ணாடிக்கு றெசின் விடலாமா என்று கேட்டு வருகிற ஆக்களும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். முன் கண்ணாடியில் திருத்தம் என்பது வெடித்த வெளித் தகட்டுக்குள் போயிருக்கிற காற்றை எடுத்துவிட்டு, கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கக்கூடிய ஒரு பசையை அந்த இடத்தில் நிரப்புவது, அவ்வளவுதான். உள் தகடும் வெடித்திருந்தாலோ, நடுப் படலம் கிழிந்திருந்தாலோ அந்தக் கதையே எடுபடாது.

எல்லோரும் முதலில் நீளத்தைத்தான் கேட்கிறார்கள், எத்தனை அங்குலம் வரை திருத்தலாம் என்று. நான் நீளத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது கோட்டின் நுனி எங்கே நிற்கிறது, எதைப் பார்த்து நிற்கிறது என்பது. வளைத்துச் செய்த கண்ணாடியில் விளிம்பு அமுக்கத்தில் இருக்கும், அந்த விளிம்புக்குச் சற்று உள்ளே சுற்றிவர ஒரு பட்டை இழுவையில் இருக்கும், இது தொழிற்சாலையில் இருந்து வரும்போதே கண்ணாடிக்குள் இருக்கிற விசை. நடுவில் இருக்கிற வெடிப்பு மாதக் கணக்கில் அசையாமல் கிடக்கும், அதே வெடிப்பின் நுனி அந்தப் பட்டைக்குள் போய்விட்டால் பிறகு அதை நிறுத்துவது கஷ்டம். விளிம்பில் இருந்து நாலு விரலுக்குள் நுனி வந்துவிட்டால் நான் றெசின் விட யோசிப்பேன், உங்கள் படத்தில் அது மூன்று விரலுக்குள் நிற்கிறது. அதோடு வாகனத்தின் உடம்பு திருகும்போது அந்த விசை முதலில் போய்ச் சேர்கிற இடமும் மூலைதான். ஏ9 வீதியிலோ பரந்தன் முல்லைத்தீவு வீதியிலோ மட்டும் ஓடுகிற காரென்றால் ஒரு கதை, வயலுக்கும் குளக்கட்டுக்கும் கிரவல் ஒழுங்கையில் ஒரு சில்லு பள்ளத்திலும் மறு சில்லு மேட்டிலுமாக இறங்கி ஏறுகிற காரென்றால் வேறு கதை.

வெடிப்பு ஓடுவதற்கு இன்னும் இரண்டு காரணம் இருக்கிறது, ஒன்று சூடு, மற்றது ஈரம். மத்தியான வெயிலில் மூடி நிறுத்திய காரில் ஏறி, ஏசியை முழு வேகத்தில் கண்ணாடிக்கே அடிக்க விட்டால் உள் தகடு சுருங்கப் பார்க்கும், வெளித் தகடு விரிந்தபடியே நிற்கும், அந்த இழுபறி முழுக்க வெடிப்பின் நுனியில் போய்க் குவியும். சுட்ட கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் அதே வேலைதான், திசை மட்டும் மாறும். ஈரத்தைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. வெடிப்பின் நுனியில் இருக்கிற நீர் கண்ணாடியின் பிணைப்பையே மெல்ல மெல்ல அறுக்கும், அதனால் காய்ந்த வெடிப்பைவிட நனைந்த வெடிப்பு குறைந்த விசையிலேயே ஓடும். இது ஆய்வுகூடத்தில் பல முறை காட்டப்பட்ட விஷயம். இவ்வளவும் நிச்சயமாகச் சொல்லலாம். உங்கள் கண்ணாடி சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவியதால்தான் ஓடியது என்று மட்டும் அடித்துச் சொல்ல மாட்டேன். இடையில் மழையில் நனைந்திருக்கிறது, கிரவலில் ஓடியிருக்கிறது, கழுவும்போது அமுக்கத் தண்ணீரும் பட்டிருக்கிறது. எது கடைசியாகத் தள்ளியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஆகவே அங்கே போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம்.

படத்தை வைத்து இதற்கு மேல் நான் போக முடியாது, மிச்சத்தை நீங்களே பார்க்கலாம். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு கண்ணாடியை ஈரமில்லாத துணியால் துடைத்துவிட்டு, உள்ளே இருந்து வெடிப்பின் மேல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது தடக்கினால் உள் தகடும் போய்விட்டது, அதற்கு மேல் பேச்சில்லை. தடக்காவிட்டால் வெளியே வந்து ரோச் லைட்டைக் கண்ணாடிக்குப் பக்கவாட்டில் பிடித்து அந்தக் கோட்டைப் பாருங்கள். சுத்தமான வெடிப்பு வெள்ளி நூலாக மினுங்கும், தலையை நகர்த்தினால் மினுக்கமும் நகரும். அழுக்குப் போன வெடிப்பு மினுங்காது, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் பழுப்பாகவோ செம்மண் நிறத்திலோ மங்கித் தெரியும். நம் பக்கத்துத் தூசு மிக நுண்ணியது, சோளகக் காற்றுக் காலத்தில் மூடிய வீட்டுக்குள்ளேயே படிகிறது, முடியளவு வெடிப்புக்குள் போவது அதற்குப் பெரிய வேலையா? சவர்க்காரத் தண்ணீர் போயிருந்தால் இன்னும் மோசம், தண்ணீர் காயும், சவர்க்காரம் உள்ளேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு றெசின் கண்ணாடியைப் பிடிக்காமல் அந்தப் படிவைத்தான் பிடிக்கும். கடைசியாக, நுனியில் மார்க்கரால் ஒரு புள்ளியும் திகதியும் உள்பக்கமாகப் போட்டு வையுங்கள். இரண்டு நாளில் கோடு புள்ளியைத் தாண்டினால் அது ஓடிக்கொண்டிருக்கிற வெடிப்பு, அதற்கு மேல் யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

அளவைப் பற்றி வெளிநாட்டில் எழுதி வைத்த விதிகள் இருக்கின்றன, நம் கராச்சுகளில் ஆளுக்கு ஆள் வேறு மாதிரிச் சொல்வதற்கும் ஒரு வகையில் அதுதான் காரணம். பிரித்தானியாவில் வருடாந்தம் செய்கிற வாகனப் பரிசோதனையில், ஸ்டியரிங்கின் நடுவை மையமாக வைத்து 290 மில்லிமீற்றர் அகலப் பட்டை ஒன்றைப் பார்க்கிறார்கள். வைப்பர் துடைக்கிற பரப்பில் அந்தப் பட்டைக்குள் 10 மில்லிமீற்றரைத் தாண்டிய சேதம் இருக்கக் கூடாது, அதற்கு வெளியே வைப்பர் துடைக்கிற மற்ற இடத்தில் 40 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்று 2007இல் வந்த தரநிலை இன்னும் தாராளம், 14 அங்குலம் வரையான நீளக் கோட்டையும் திருத்தலாம் என்கிறது. அதை மட்டும் படித்தவர் உங்கள் ஒரு சாண் கோட்டைப் பார்த்துவிட்டு "செய்யலாம்" என்பார், அவர் சொல்வது புத்தகப்படி பிழையில்லை. ஆனால் அதே தரநிலை உள்ளே அழுக்குப் போன வெடிப்பையும், படலமோ உள் தகடோ சேதமான கண்ணாடியையும் திருத்த வேண்டாம் என்றும் சொல்கிறது. அங்கே கல் பட்ட அன்றைக்கோ மறுநாளோ வான் வண்டியில் ஆள் வந்து வீட்டு வாசலில் வைத்துத் திருத்திவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறது, அந்தக் கணக்கை ஒரு கிழமை கிரவலில் ஓடிய கண்ணாடிக்குக் கொண்டுவரும்போதுதான் பிழைக்கிறது.

றெசின் வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் யாரிடம் கொடுப்பது என்பதும் விளங்கும். வாகனம் நிழலில் நின்று கண்ணாடி தானாக ஆற வேண்டும், தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. கல் பட்ட குழியில் இருக்கிற நொறுங்கிய துகளை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, உறிஞ்சும் கப்புகளில் நிற்கிற சிறிய பாலம் ஒன்றைக் கண்ணாடியில் பொருத்தி, அதன் நடுவில் இருக்கிற குழலைக் குழிக்கு நேரே இறுக்குவோம். முதலில் உள்ளிருக்கிற காற்றை இழுக்க வேண்டும், பிறகு றெசினை அமுக்கிக் கொடுக்க வேண்டும், மீண்டும் இழுக்க வேண்டும், மீண்டும் கொடுக்க வேண்டும். உள்ளே இருந்து சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் நட்சத்திரத்தின் ஒவ்வொரு காலும் கறுப்பாகத் தெரியும், அந்தக் கறுப்புத்தான் காற்று. றெசின் போகப் போகக் கறுப்பு நடுவில் இருந்து நுனியை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகும், ஒரு கால் பிடிவாதமாக நுனியில் அரை மில்லிமீற்றரை வைத்துக்கொண்டு நிற்கும், அப்போது உள்பக்கமாக விரலால் மெதுவாகத் தட்டி, சில வேளை கொஞ்சம் சூடு காட்டி, அது மறையும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்படுகிறவர் அந்த அரை மில்லிமீற்றரை விட்டுவிட்டு விளக்கைப் போட்டுவிடுவார், பிறகு வெடிப்பு அங்கிருந்துதான் திரும்பக் கிளம்பும். புற ஊதாக் கதிர் விளக்கில் சில நிமிடத்தில் றெசின் இறுகிவிடும், மேலே குழியை நிரப்பிச் சுரண்டி மினுக்கினால் வேலை முடிந்தது. வெயிலில் நிறுத்தி வைத்துக்கொண்டே செய்கிறவரிடம் கொடுக்காதீர்கள், வெயிலிலும் அதே கதிர் இருக்கிறது, உள்ளே போய்ச் சேர முதலே றெசின் இறுகத் தொடங்கிவிடும். இணையத்தில் வாங்குகிற மலிவுப் பெட்டிகளிலும் அடிப்படை இதுதான். கடலை அளவு வெடிப்புக்குக் கைப்பக்குவம் உள்ள ஒருவர் அதை வைத்தே நன்றாகச் செய்வார், ஆனால் ஒரு முறை பிழைத்தால் உள்ளே இறுகிய றெசினைத் திரும்ப எடுக்க வழியில்லை.

செய்து முடித்த பிறகும் ஒரு மெல்லிய தழும்பு தெரியும். தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரவில் எதிரே வருகிற பஸ்ஸின் வெளிச்சம் அந்தத் தழும்பில் பட்டுச் சிதறும், அதனால்தான் சாரதிக்கு நேரே இருக்கிற வெடிப்பைச் சின்னதாக இருந்தாலும் திருத்தாமல் மாற்றச் சொல்வது. வெடிப்பு நிற்குமா என்று கேட்டால், சிறிய, சுத்தமான, புதிய வெடிப்பென்றால் அநேகமாக நிற்கும். நீளக் கோடு என்றால் பாதிப் பந்தயம் என்றுதான் நான் வாடிக்கையாளருக்குச் சொல்வது, அது என் கைக்கணக்கு, எந்தப் புத்தகத்திலும் இருக்கிற கணக்கில்லை. நல்ல வேலைகாரர் ஆரம்பத்திலேயே "விடும்போதே ஓடவும் கூடும், ஓடினால் மாற்ற வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். அதைச் சொல்லாமல் உத்தரவாதம் தருகிறவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு, கல் பட்ட உடனே செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஓரமாக நிறுத்தி, துடைத்து, காய்ந்த கண்ணாடியில் வெடிப்பின் மேல் தெளிவான செலோடேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள். முறிகண்டியில் கச்சான் வாங்க இறங்குகிற நேரத்தில் பக்கத்துக் கடையில் ஒரு சுருள் வாங்கி ஒட்டினால் போதும், ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிக்கிற வேலை அது. தூசும் தண்ணீரும் உள்ளே போகாமல் இருந்தால் இரண்டு மூன்று நாள் பிந்தினாலும் றெசின் நன்றாகப் பிடிக்கும். சுப்பர் குளூ விட வேண்டாம், அது வாயை அடைத்துவிடும், பிறகு றெசின் போக வழியே இருக்காது. பற்பசை தேய்க்கிற வீடியோக்களையும் நிறையப் பேர் அனுப்புகிறார்கள், சிரித்துவிட்டுக் கடந்து போங்கள்.

சரி, இனி உங்கள் பக்கத்துக்கு வருவோம். மாற்றுவதென்று வந்துவிட்டால் எல்லோரும் கண்ணாடியின் பெயரைத்தான் விசாரிக்கிறார்கள், எந்த நாடு, ஒரிஜினலா, விலை என்ன என்று. நான் அதைவிட ஒட்டுகிற வேலையைத்தான் விசாரிக்கச் சொல்வேன். இப்போதைய கார்களில் முன் கண்ணாடி வெறும் காற்று மறைப்பு இல்லை, கூரையைத் தாங்குவதில் அதற்கும் பங்கிருக்கிறது, பயணியின் எயார்பாக் மேலே எழும்பி விரியும்போது கண்ணாடியில் முட்டிக்கொண்டுதான் ஆளைப் பார்த்துத் திரும்பும். கண்ணாடி சட்டத்தை விட்டுக் கழன்றால் எயார்பாக்குக்கு முதுகு இல்லை. அதனால் பிடிக்கிற பசை யூரித்தேன் பசையாகத்தான் இருக்க வேண்டும். பழைய கண்ணாடியைக் கம்பியாலோ கத்தியாலோ அறுத்து எடுத்த பிறகு, சட்டத்தில் இருக்கிற பழைய பசையை அடியோடு சுரண்டக் கூடாது, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் சமமாக விட்டு அதன் மேல்தான் புதுப் பசை போக வேண்டும், இறுகிய பழைய பசையைப் புதியது நன்றாகப் பிடிக்கும். அறுக்கும்போது பெயின்றில் கீறல் விழுந்திருந்தால் அந்த இடத்துக்குப் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூச வேண்டும், துருப் பிடித்திருந்தால் துருவை எடுத்துவிட்டுத்தான் மிச்ச வேலை. கடலுக்குக் கிட்ட, முல்லைத்தீவுப் பக்கம் நிற்கிற வாகனங்களில் சட்டத்தின் கீழ் மூலைகளில் துரு இருப்பது சாதாரணம், துருவின் மேல் ஒட்டிய கண்ணாடி துருவோடேயே கழன்று வரும். புதுக் கண்ணாடியின் ஓரத்திலும் பிரைமர் பூச வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் சுற்றிவர இருக்கிற கறுப்புப் பட்டை அழகுக்கு வைத்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள், பசையில் வெயில் படாமல் காப்பதே அதன் வேலை.

கட்டிடத்துக்கு அடிக்கிற சிலிக்கனை வைத்துக் காரின் கண்ணாடியை ஒட்டுகிற ஆக்கள் இன்னமும் இருக்கிறார்கள். மாரி தொடங்க காலடியில் தண்ணீர் நிற்கிறது என்று ஒருவர் கார் ஒன்றைக் கொண்டுவந்தார், வேறொரு இடத்தில் மாற்றிய கண்ணாடி. உட்புற மூடியைக் கழற்றிப் பார்த்தால் சுற்றிவரப் பால் நிறத்தில் சிலிக்கன், மூலையில் கையால் தள்ளியதும் கண்ணாடி அசைந்தது. தண்ணீர் வந்ததால் அவருக்குத் தெரியவந்தது, தண்ணீர் வராமல் இருந்தால் அப்படியே ஏ9இல் ஓடிக்கொண்டுதான் இருந்திருப்பார். சிலிக்கன் ஒரு முறை பட்ட சட்டத்தில் யூரித்தேன் பிடிக்காது, முழுதாகத் துடைத்து எடுக்கவே அரை நாள் போகும். ஆகவே விலை கேட்கும்போதே "என்ன பசை பாவிக்கிறீர்கள், குழாயைக் காட்டுங்கள், காலாவதித் திகதி என்ன" என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற இடத்தில் வாகனத்தை விடாதீர்கள். யூரித்தேன் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துத்தான் இறுகும், எத்தனை மணித்தியாலம் கழித்து ஓட்டலாம் என்பது பசைக்குப் பசை மாறும், அது குழாயிலேயே எழுதியிருக்கும், ஈரப்பதன் குறைந்த நாளில் இன்னும் கூட விட வேண்டும். புதுக்குடியிருப்பில் இருந்து வருகிறவர் என்பதால் சொல்கிறேன், காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு முடிந்தால் மறுநாள் எடுங்கள், அன்றைக்கே எடுத்துக்கொண்டு கிரவலில் இறங்க வேண்டாம். முதல் நாள் ஒரு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கதவை அடித்துச் சாத்தினால் உள்ளிருக்கிற காற்று புதுக் கண்ணாடியைத்தான் வெளியே தள்ளும். ஓரிரு நாளுக்கு அமுக்கத் தண்ணீரில் கழுவவும் வேண்டாம்.

கழற்றிய கண்ணாடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள், அதனால் நம் வீதிகளில் ஓடுவது பெரும்பாலும் வயது போன வாகனங்கள், அவற்றுக்கு அடிபட்ட வாகனத்தில் இருந்து கழற்றிய சாமான் போடுவது சாதாரணமாகிவிட்டது. கண்ணாடி விஷயத்தில் நான் அதற்கு அவ்வளவு ஆதரவில்லை. கண்ணாடியின் தரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஜப்பானில் போட்டு வந்த அசாஹி, நிப்பொன் கம்பனிகளின் கண்ணாடி நல்ல கண்ணாடிதான். கழற்றுகிற விதத்தில்தான் சந்தேகம். அறுக்கும்போது கத்தி விளிம்பில் பட்டுக் கடுகளவு சில்லுப் போயிருந்தால், மேலே சொன்ன அந்த இழுவைப் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெடிப்பை நீங்களே காசு கொடுத்து வாங்குகிறீர்கள், மாட்டி இரண்டாம் கிழமை காரணமே இல்லாமல் கோடு ஓடும். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் மாட்ட முதல் விளிம்பு முழுவதையும் ரோச் லைட்டில் சுற்றிப் பாருங்கள், மூலைகளில் படலம் பால் நிறமாகப் பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள், வைப்பர் தேய்த்த வளையக் கீறல் இரவில்தான் தெரியும் என்பதால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பாருங்கள். புதியது வாங்கினால் கீழ் மூலையில் அச்சிட்டிருக்கிற குறியைப் பாருங்கள். லமினேட்டட் என்று ஆங்கிலத்தில் பெரும்பாலும் இருக்கும், வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் 43ஆர் என்றும் இருந்தால் ஐநாவின் வாகனக் கண்ணாடி விதிமுறைப்படி அனுமதி பெற்றது. சீனக் கண்ணாடிகளிலும் அந்தக் குறியோடு வருபவை நிறைய இருக்கின்றன, அவற்றை நம்பிப் போடலாம், நானும் போடுகிறேன்.

உங்கள் வாகன்ஆர் எந்த வருடம், எந்த மொடல் என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணாடியின் மேல் நடுவில், பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், கறுப்புப் பெட்டி ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய வாகன்ஆர் சிலவற்றிலும், 2015க்குப் பிறகு வந்த டொயோட்டாக்கள் பலவற்றிலும், தானாகப் பிரேக் பிடிக்கிற கமராவோ சென்சரோ அந்த இடத்தில்தான் இருக்கும். இருந்தால் அதற்கு ஏற்ற கண்ணாடியே போட வேண்டும், மாற்றிய பிறகு கமராவைத் திரும்பச் சரிபார்த்து அளவெடுக்கவும் வேண்டும். அதற்கான கருவி இருக்கிற இடத்தைத் தேடித்தான் போக வேண்டி வரும், கொழும்பு வரை போக வேண்டியும் வரலாம். அதைச் செய்யாமல் விட்டால் எச்சரிக்கை விளக்கு எரியலாம், எரியாமலும் விடலாம், விளக்கு எரியவில்லை என்பதை வைத்து எல்லாம் சரி என்று எடுக்க வேண்டாம்.

பழைய டொல்பின் வான், லாண்ட் றோவர், பழைய லொறி, ஓட்டோ வைத்திருப்பவர்கள் இந்தத் தலையிடி எதையும் படத் தேவையில்லை. அவற்றில் கண்ணாடி றப்பர் பீடிங்கில்தான் உட்கார்ந்திருக்கிறது, கயிறு போட்டு இழுத்து மாட்டிவிடலாம், றெசின் கூலியோடு ஒப்பிட்டால் மாற்றிவிடுவதே பல வேளை புத்தி.

காப்புறுதி முழுக் காப்புறுதி என்றால் கை வைக்க முதல் அவர்களுக்கு அழைத்துச் சொல்லுங்கள். கண்ணாடிக்குத் தனிப் பிரிவு இருக்கிறதா, அதற்கு எவ்வளவு வரை தருவார்கள், இந்தக் கோரிக்கையால் அடுத்த வருடம் கிடைக்க வேண்டிய கழிவு குறையுமா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பிறகு படம் அனுப்பினால் ஏற்கமாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்ட ஆக்கள் என்னிடமே வந்திருக்கிறார்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் செலவு முழுக்க உங்களுடையது, டிப்பரின் இலக்கத்தைக் குறித்து வைத்திருந்தாலும் கல் அதில் இருந்துதான் விழுந்தது, வீதியில் கிடந்தது தெறிக்கவில்லை என்று நிறுவுவது லேசான காரியம் இல்லை.

மச்சானின் கட்சியையும் சும்மா தள்ளிவிட முடியாது. வெடித்த கண்ணாடியோடு வருடக் கணக்கில் ஓடுகிற வாகனங்கள் கிளிநொச்சிச் சந்தையடியில் நின்றாலே கண்ணில் படும். நடுவில் ஒரு காய்ந்த பொட்டு, பல மாதமாக அசையவில்லை, சாரதியின் பார்வையில் இல்லை என்றால், அதை அப்படியே விட்டுவிட்டுக் கவனித்து வரலாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன். நாளைக்கே கண்ணாடி உடைந்து மடியில் விழும் என்று பயமுறுத்துகிறவரும் கூட்டித்தான் சொல்கிறார், நடுப் படலம் இருக்கும் வரை அப்படி விழாது. உங்கள் கண்ணாடியில் கோடு ஓடுகிறது, மூலையைப் பார்த்து ஓடுகிறது, அதுதான் வித்தியாசம். விளிம்பைத் தொட்ட பிறகு அது வளைந்து உங்கள் பக்கம் திரும்புமா, அங்கேயே நிற்குமா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கண்ணாடி இருக்க வேண்டிய பலத்தில் இருக்காது, ஒரு மோதலில் அதை நம்பி எயார்பாக்கை விட முடியாது.

எனவே அவசரப்பட்டு இன்றிரவே ஓடி வர வேண்டாம், இந்த மாதத்துக்குள் செய்துவிடுங்கள். அதுவரைக்கும் வெடிப்பின் மேல் செலோடேப் ஒட்டி, காரை வேம்புக்குக் கீழேயோ கொட்டிலிலோ நிறுத்தி, வெயிலில் நின்ற காரில் ஏறினால் முதலில் கதவுக் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியே விட்டு, ஏசியைக் காலடிக்குத் திருப்பி மெதுவாகப் போடுங்கள். ஜாக் போட்டு ஒரு பக்கத்தை உயர்த்துகிற வேலை ஏதும் இருந்தால் தள்ளிப் போடுங்கள். கமராப் பெட்டி இருக்கிறதா, நகம் தடக்குகிறதா, மார்க்கர் புள்ளியைக் கோடு தாண்டிவிட்டதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு இதே இடத்தில் எழுதுங்கள். நகம் தடக்காமல், புள்ளியும் தாண்டாமல், கோடு வெள்ளியாக மினுங்குகிறது என்றால் அந்தக் கராச்சுக்காரரிடம் ஒரு முறை றெசின் விட்டுப் பார்ப்பதில் நான் குறுக்கே நிற்க மாட்டேன், ஓடினால் கூலியில் எவ்வளவைக் கழித்துக்கொள்வார் என்று மட்டும் முதலே பேசிக்கொள்ளுங்கள்.